அம்மா ஏன் வானை விட்டு இறங்கவில்லை

போன வருடம் சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாள் குடும்பமாகக் கங்கைக்குக் குளிக்கப் போனோம். திருகோணமலையில் கங்கை என்றால் மகாவலிதான். 335 கிலோமீற்றர் ஓடி, மலையும் வயலும் எல்லாம் பார்த்துக் களைத்து, கடைசியில் எங்கள் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற ஆறு. எந்தத் துறையில் குளித்தோம் என்பதை மட்டும் எழுதமாட்டேன். எழுதினால் வருகிற ஞாயிறு நீங்களும் வந்து நிற்பீர்கள்.

பதினான்கு பேர், ஒரு வாடகை வான். அம்மா முதல்நாள் இரவே தன் பையை அடுக்கிவிட்டார். சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் சேர்த்து அவித்த அரப்பு ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில். ஒரு துவாய். குறுக்குக்கட்டுக்கு என்று வைத்திருக்கிற சிவப்புப் பூப்போட்ட சீத்தைத் துணி, நாலாக மடித்து. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அம்மாவுக்கு ஆற்றுக் குளிப்பு என்றால் இந்த மூன்று சாமானும்தான். மற்றவர்கள் சோறு, கறி, பாய், பந்து என்று கட்டிக்கொண்டிருக்க, அம்மா முழுகப் போகிற ஆள் மாதிரித்தான் புறப்படுவார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. பதினொரு வாகனங்கள் நின்றன, ஒரு பஸ் உட்பட. ஒவ்வொரு மருத மரத்துக்குக் கீழும் ஒரு குடும்பம், மூன்று கல், புகை. இரண்டு பக்கத்தில் இரண்டு சவுண்ட் பொக்ஸ், இரண்டிலும் வேறுவேறு பாட்டு. தண்ணீருக்குள் நீளவாக்கில் ஒரு பட்டியாகச் சனம் நின்றது. மரக்கிளையில் ஏறி இளந்தாரிகள் குதிக்க, ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று போனை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அவன் படமெடுத்தது தன் சிநேகிதனைத்தான். ஆனால் அந்தப் படத்துக்குள் ஆற்றில் நின்ற அத்தனை பேரும் விழுந்திருப்பார்கள்.

அம்மா கண்ணாடிக்குள்ளால் ஒருதரம் பார்த்தார். "எனக்குத் தலை இடிக்குது. நீங்கள் போய்க் குளியுங்கோ" என்றார். பின்னேரம் நாலு மணிவரை எல்லோருடைய செருப்புக்கும் மணிக்கூட்டுக்கும் காவலாக வானுக்குள்ளேயே இருந்தார்.

இரவு வீட்டில் உடுப்புத் தோய்க்கப் பைகளைக் கொட்டினேன். ஆற்று வாசமும் மணலுமாகப் பதின்மூன்று பொட்டலங்கள். அம்மாவின் பையில் அந்தச் சீத்தைத் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது.

இது நடந்து இரண்டு கிழமையில் தம்பியின் மகள் ஒரு கேள்விக்கொத்தோடு வந்தாள். கம்பஸில் சுற்றுலா சம்பந்தமாக ஏதோ படிக்கிறாள், ஒப்படை. ஆற்றங்கரைக்குப் போகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை முதலில் வீட்டில் ஒத்திகை பார்க்கிறாளாம்.

"மாமி, அண்டைக்கு அங்க சனம் எப்பிடி? ஒண்டு எண்டால் நெரிசலே இல்லை, ஒன்பது எண்டால் தாங்கேலாத நெரிசல். ஒரு நம்பர் சொல்லுங்கோ."

நான் ஏழு என்றேன். அவளுடைய அம்மா ஐந்து. தம்பி, "பெருநாள் எண்டால் சனம் இல்லாமலா, மூண்டு போடு" என்றான். பிறகு அவள் முற்றத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனாள்.

"அப்பம்மா, நீங்கள்?"

"நான் இறங்கினாத்தானே பிள்ளை சொல்லலாம்."

பிள்ளை கொஞ்சநேரம் யோசித்துவிட்டுப் பேனையை மூடினாள். "இது குளிச்ச ஆக்களிட்டக் கேக்கிற கேள்வி, அப்பம்மா."

எனக்கு அன்றிரவு நித்திரை சரியாக வரவில்லை. அவளிடம் இருந்த வாசிப்புகளை வாங்கிப் படித்தேன். நான் வேலை செய்கிற கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், கோப்புப் புரட்டிப் பழகிய கண், எதையும் படிக்கும். அந்த ஒன்று முதல் ஒன்பது வரையான அளவுகோலுக்கு ஏறக்குறைய என் வயசு. 1977இல் தோமஸ் ஹெபர்லீன், ஜெரி வாஸ்கி என்ற இரண்டு பேர் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் புறூல் என்ற ஆற்றில் நடத்திய ஆய்வுக்காக உருவாக்கியது. அந்த ஆற்றில் தோணி வலிப்பவர்கள் ஒரு கூட்டம், காற்றடைத்த ரியூப்பில் மிதப்பவர்கள் ஒரு கூட்டம், தூண்டில் போடுபவர்கள் இன்னொரு கூட்டம். யாருக்கு யார் இடைஞ்சல் என்று பார்க்கப் போனார்கள். பிறகு உலகம் முழுக்க ஆறு, மலை, கடற்கரை எங்கும் இதே ஒன்பதைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறார்கள்.

அதைவிடச் சுவாரசியம் கொலராடோ ஆற்றுக் கதை. கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்குக்குள்ளால் படகில் போகிறவர்கள் 1965இல் 547 பேர்தான். 1972இல் பதினாறாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஏழே வருடம்! அரசாங்கம் பயந்துபோய் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. சொந்தமாகப் படகு கொண்டுபோகிறவர்களின் காத்திருப்புப் பட்டியல் வருடக்கணக்காக நீண்டு, 2006இலிருந்து குலுக்கல் முறைக்கு மாற்றினார்கள். ஆற்றில் இறங்க லொத்தர்! ஆனால் எழுபதுகளில் போ ஷெல்பி என்ற ஆய்வாளர் அந்த ஆற்றில் பயணம் செய்தவர்களிடம் கேட்டபோது ஒரு புதினம் தெரிந்தது. வழியில் எத்தனை படகுகளைக் கண்டார்கள் என்பதற்கும் பயணம் எவ்வளவு பிடித்தது என்பதற்கும் பெரிய தொடர்பே இல்லை. சனம் கூடினாலும் திருப்தி குறையவில்லை.

அப்படியென்றால் நெரிசல் ஒரு பிரச்சினையே இல்லையா? அந்த ஆய்வாளர்களே காரணங்களை யோசித்திருக்கிறார்கள். அவர்களுடைய சொற்களை விட்டுவிட்டு எங்கள் வீட்டுச் சொல்லில் சொல்கிறேன். தம்பி மூன்று என்று சொன்னது ஒரு வகை. வானுக்குக் காசு கொடுத்து, லீவு எடுத்து, விடியச் சமைத்துக் கட்டிக்கொண்டு போனபிறகு "நல்லாயில்லை" என்று சொல்ல மனம் வராது. கேள்விக்கொத்தோடு வந்த என் மருமகளுடைய வகை வேறு. அவள் அந்தத் துறையைச் சனமில்லாமல் கண்டதே இல்லை. அவளுக்கு அது குளிக்கிற இடம் அல்ல, கொண்டாடுகிற இடம். கொண்டாட்டத்துக்குச் சனம் வேண்டும். ஒரே தண்ணீருக்குள் நின்றுகொண்டே மனதுக்குள் வேறொரு இடத்துக்குப் போய்விடுகிற இந்த வித்தையை நானும் செய்திருக்கிறேன். "இது குளிப்பில்லை, சும்மா பிக்னிக்" என்று சொல்லிக்கொண்டால் ஏழு ஐந்தாக இறங்கிவிடும்.

மூன்றாவது வகை அம்மா. வந்து பார்த்துவிட்டு, பிறகு வராமலே விட்டவர்கள். அவர்களிடம் யாரும் பேனையை நீட்டுவதில்லை. ஆற்றில் நிற்பவர்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், நெரிசல் பிடிக்காத கடைசி ஆளும் போய்ச் சேர்ந்த அன்றைக்கு எல்லோரும் ஒன்று, இரண்டு என்று சொல்லி ஆறு மிகத் திருப்தியாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் அப்படி முதலில் போனவர்கள் பெண்கள் என்பது என் கணக்கு. ஆண்களுக்குச் சனம் என்றால் கொஞ்சம் தள்ளி நின்று குளிப்பது, அவ்வளவுதான். குறுக்குக்கட்டோடு இறங்குகிற மனுசிக்கு அது வேறு விஷயம். நனைந்த சீத்தைத் துணி உடம்போடு ஒட்டும். எழுந்து கரைக்கு வருகிற அந்தப் பத்து அடி தூரத்தில் யார் பார்க்கிறார்கள் என்பது முக்கியம். முன்பெல்லாம் பார்ப்பவர்கள் ஊராக்கள். பார்த்தாலும் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொள்கிற பண்பு இருந்தது. போனுக்கு அந்தப் பண்பு கிடையாது. அம்மாவின் வயதுப் பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை, சண்டை பிடிக்கவில்லை. ஒருவருக்குத் தலை இடித்தது, ஒருவருக்கு முழங்கால் நோவு, ஒருவர் பேரப்பிள்ளையைப் பார்க்க வீட்டில் நின்றுவிட்டார். அவர்களுக்கு அடுத்த தலைமுறையான நாங்கள் ரீசேட்டும் முழுக் காற்சட்டையுமாக இறங்குகிறோம். மேலெல்லாம் துணி, தலை மட்டும் நனையும்.

என்னோடு வேலை செய்கிற மூதூர்ச் சிநேகிதியிடம் இதைச் சொன்னேன். "நாங்க பொம்புளையள் அங்கால போறத எப்பவோ உட்டுட்டம் புள்ள. இப்ப வாய்க்கால்ல, அதுவும் வெள்ளன" என்றாள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கிற மாதங்களில் வயல் வாய்க்கால் நல்ல தண்ணீராக ஓடும். இடுப்பளவுகூட வராது. அதற்குள் குந்தியிருந்து குளிப்பார்கள்.

சும்மா சனத்தை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான். ஆள் கூடாமலே நெரிசல் கூடும், இடம் குறைந்தால். கொலராடோவில் 1963இல் கிளென் கன்யன் அணையைக் கட்டியபிறகு, ஆறு கொண்டுவந்த மணலெல்லாம் அணைக்குப் பின்னால் படிந்துவிட்டது. கீழே படகுக்காரர் இரவு தங்குகிற மணல்திட்டுகள் வருடாவருடம் தேய்ந்தன. திட்டுக் குறைய, இருக்கிற திட்டில் ஆள் கூடும். 1996இல் அணையை ஒரு கிழமைக்குத் திறந்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு வெள்ளத்தை வரவழைத்து மணல்திட்டுகளை மறுபடி கட்டப் பார்த்தார்கள்.

எங்கள் கங்கைக்கு மேலே கட்டிய அணைகள்: பொல்கொல்லை 1976, கொத்மலையும் விக்ரோறியாவும் 1985, ரந்தெனிகலை 1986, ரன்தம்பை 1990. மேலே அணைகள் மணலைப் பிடித்து வைத்திருக்க, கீழே டிப்பர்கள் மணலை அள்ளிக்கொண்டு போகின்றன. அள்ளிய இடம் மடுவாகிவிடும். மேலிருந்து பார்த்தால் ஒரே தண்ணீர்தான். முழங்காலளவில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் தலைக்கு மேல் போவான். எங்கள் துறையில் சிறுவயதில் ஆற்றின் பாதிவரை நடந்து போவோம். போன சித்திரையில் போனபோது அக்கரைப் பக்கம் கயிறு கட்டியிருந்தார்கள், "அங்கால போகாதேங்கோ" என்று ஒரு பலகை. அன்றைக்குச் சனம் ஒரு பட்டியாக நின்றது என்று சொன்னேனே, அவர்கள் ஒட்டி நின்றது ஆசையில் இல்லை. நிற்கக்கூடிய நிலம் அவ்வளவுதான் மிச்சம். முதலை வேறு. சத்தமிருந்தால் முதலை கிட்ட வராது என்பது இங்கே எல்லோரும் சொல்வது. ஆகையால் ஒதுக்குப்புறமாக இடம் தேடிப் போகவும் பயம். சனம் வேண்டாம் என்று விலகுகிறவர்களுக்கு ஆறு விட்டுவைத்திருக்கிற இடம் மிகக் கொஞ்சம்.

நாங்கள் காலத்தால்தான் விலகுகிறோம். மாரி முடிந்து, குளமெல்லாம் வான் பாய்ந்து அடங்க, றோட்டில் வான் பாயத் தொடங்கும். (இந்தப் பகிடி அப்பாவுடையது.) மாசி, பங்குனியில் தண்ணீர் தெளியும். சித்திரையில் ஊரே வரும். ஆகவே ஆற்றை அறிந்தவர்கள் மாசியிலேயே ஒரு நடை போய்விடுவார்கள். போயா என்றால் வெளியூர்ப் பஸ்கள், நோன்புப் பெருநாளைக்குப் பிறகு கிண்ணியா, மூதூர்க் குடும்பங்கள், ஞாயிறு என்றால் நாங்கள். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்காத நேரசூசி. அவரவர் மற்றவரைக் கண்டு ஒதுங்கி ஒதுங்கித் தானாக விழுந்தது. கித்துல்கலையில் களனி ஆற்றில் ரப்பர்ப் படகு விடுகிறவர்களும் மேலே மின்நிலையம் தண்ணீர் திறக்கிற நேரத்தைப் பார்த்துத்தான் ஆட்களை ஏற்றுகிறார்களாம்.

கன்னியாவிலும் இதே கூத்து. ஏழு வெந்நீர்க் கிணறு, ஆளுக்கொரு வாளி. சனம் கூடிய நாளில் அள்ள அள்ளக் கிணறு கலங்கும், வெதுவெதுப்பும் போய்விடும். விஷயம் தெரிந்த எங்களூராக்கள் காலையில் முதல் ஆளாகப் போய்ப் புதுத் தண்ணீரில் ஊற்றிவிட்டு வருவார்கள். புறாமலைத் தீவைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். 2003இல் தேசிய பூங்காவாக்கினார்கள். பவளப்பாறைக்கு மேல் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருகிற கோபத்துக்கு இந்தக் கட்டுரை காணாது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்காரி. சனமே இல்லாத கங்கையை நான் கண்டிருக்கிறேன். 1990க்குப் பிறகு யுத்தத்தால் எத்தனையோ வருடம் அந்தக் கரையில் சவுண்ட் பொக்ஸும் இல்லை, வானும் இல்லை. அம்மா குறுக்குக்கட்டோடு நிம்மதியாகக் குளித்தாரா? அந்தப் பக்கம் போகவே இல்லை. 2006 ஜூலையில் மாவிலாற்றுத் தண்ணீர்க் கதவைப் பூட்டியதில் தொடங்கிய சண்டை அடுத்த மாதமே மூதூர்ச் சனத்தைக் கால்நடையாக ஓட வைத்தது. அப்போது ஆறு மிக அமைதியாகத்தான் இருந்திருக்கும். சனம் இல்லாத ஆறு என்றால் அழகு என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சனம் ஏன் இல்லை என்று கேட்கத் தேவையில்லாத ஊர்களில் இருக்கிறார்கள். அன்றைக்கு மருமகள் சொன்னாள், "சனம் இல்லாட்டி எனக்குப் பயமா இருக்கும் மாமி." அவள் முதலையை நினைத்துச் சொன்னாள். எனக்கு வேறு ஞாபகம் வந்தது.

சமாதானத்தோடுதான் நெரிசலும் வந்தது. முன்பு பட்டணத்திலிருந்து கிண்ணியாவுக்குப் போக வேண்டுமென்றால் துறையில் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற அந்த மிதவை. ஒரு நடைக்கு இத்தனை வாகனம்தான் கொள்ளும். அதைத் தவறவிட்டால் வெயிலில் நில். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். பிறகு தெற்கே போகிற வழியில் மற்றப் பாலங்களும் வந்தன. பாதை போனது யாருக்கும் கவலையில்லை, எனக்கும் இல்லை. ஆனால் கொலராடோக்காரர் குலுக்கல் வைத்துச் செய்கிற வேலையை எங்களுக்கு அந்த ஓட்டைப் பாதை சும்மா செய்துகொண்டிருந்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையில் கொட்டியதெல்லாம் மகாவலியால் எங்களிடம்தான் இறங்கும். மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தது. மூதூர், வெருகல் பக்கம் சனம் மறுபடி பொட்டலம் கட்டியது. கச்சேரியில் எங்களுக்கு இரவு பகல் தெரியவில்லை. அந்த நேரத்தில் குளிக்கிற துறையைப் பற்றி யார் நினைப்பார்கள்? தை பிறந்த பிறகுதான் தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான், இடம் அடையாளம் தெரியவில்லை என்று. அம்மா உட்கார்ந்து குதி தேய்க்கிற கல்லைக் காணவில்லை, மண் மூடிவிட்டது. இரண்டு மருது வேரோடு போய்விட்டது. கயிறும் பலகையும் போன இடம் தெரியாது. பழைய மடு இருந்த பக்கத்தில் புதிதாக ஒரு மணல்திட்டு. இப்போது எங்கே மடு என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே சனம் வரவில்லை. முதலை ஊருக்குள் வந்துவிட்டது என்ற கதையும் சேர, ஒரு வாகனமும் இல்லை.

மாசியில் ஒரு புதன்கிழமை லீவு போட்டேன். தம்பி முதலில் தடியால் அளந்து அளந்து நடந்து, இவ்வளவுக்குள் நில்லுங்கோ என்று இரண்டு கம்பு நட்டுவிட்டுக் கரையில் காவலுக்குத் திரும்பி இருந்தான். விடிய ஆறு மணி இருக்கும். தண்ணீரில் புகார். அம்மா வானுக்குள் இருந்தே குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு இறங்கினார். சீத்தைத் துணி முதலில் வயிற்றைச் சுற்றி ஒரு குமிழாக மேலெழுந்தது. அம்மா உள்ளங்கையால் அதை அமுக்கி அமுக்கிக் காற்றைப் போக்கினார். சின்னப்பிள்ளையில் அவர் அப்படி அமுக்குவதைப் பார்த்து நானும் என் சட்டையை அமுக்கியிருக்கிறேன். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு முழுக்கு.

நிமிர்ந்தபோதுதான் அவரைக் கண்டோம். வளைவுக்குக் கொஞ்சம் இப்பால், முழங்காலளவு தண்ணீரில் ஒரு வயதான மனிதர், தோளில் வீச்சுவலை. எங்களுக்கு முன்பே வந்து நின்றிருக்க வேண்டும். வீசுவதற்காக வலையை விரித்துப் பிடித்தபடி நின்றவர், பெண்கள் இறங்கிவிட்டதைக் கண்டு, முகத்தை அங்கால் திருப்பினார். வலையை மெதுவாகக் கையில் சுருட்டி எடுத்தார். இடுப்பிலிருந்த பறியைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் பேசாமல், கரையோரமாக மேல்பக்கம் நடந்து வளைவுக்கு அப்பால் மறைந்தார்.

"ஐயோ பாவம், மனுசனைக் கலைச்சுப்போட்டம்" என்றார் அம்மா. அரப்பை உள்ளங்கையில் ஊற்றினார். தலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"அடுத்த கிழமை இன்னும் வெள்ளன வருவம். அந்தாள் வாறதுக்கு முன்னம்."